டிகிரியா, வாட்டமா, சதவீதமா, ரேடியனா? கோணத்தைச் சொல்ல எந்த அளவு எங்கே பொருந்தும்

ஒரே குளியலறைத் தளத்துக்கு நாலு பேர் நாலு எண் சொல்கிறார்கள். மேஸ்திரி "அடிக்கு ரெண்டு நூல்" என்கிறார். இன்ஜினியர் வரைந்து கொடுத்த படத்தில் 1:50 என்று இருக்கிறது. டைல்ஸ் கடையில் "2 பர்சென்ட் வாட்டம் விடுங்க" என்கிறார்கள். வீட்டுப் பிள்ளை போனைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு 1.2 டிகிரி என்கிறது. வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: இதில் யாருடைய எண்ணைப் பிடித்துக்கொள்வது?

முதலில் நிம்மதியான செய்தி. நாலும் ஏறக்குறைய ஒரே சரிவுதான். ஓர் அங்குலத்துக்கு 8 நூல், ஓர் அடிக்கு 96 நூல். ஆகவே அடிக்கு ரெண்டு நூல் என்றால் 1:48, அதாவது 48 அளவு போனால் 1 அளவு இறங்கும். சதவீதத்தில் அது 2.08, டிகிரியில் 1.19. இன்ஜினியரின் 1:50 சரியாக 2 சதவீதம், 1.15 டிகிரி. ஆறடிக் குளியலறையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை நூல்கூட வராது.

ஆனால் கேள்வி அதோடு முடிவதில்லை. பதினோராம் வகுப்பில் ரேடியனைப் பார்த்து மிரளும் பிள்ளைகள், ஜிபிஎஸ் எண்ணை எப்படி வாசிப்பது என்று குழம்பும் படகுக்காரர்கள், பட்டறையில் டேப்பர் (ஒரு முனை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் உருளை) கடையக் கற்றுக்கொள்பவர்கள், சோலார் பலகையைச் சாய்த்து வைக்கப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இதே சிக்கல்தான் வேறு வேறு வடிவத்தில் வருகிறது. இவர்கள் அனைவருக்கும் ஒரே அளவுகோலைப் பரிந்துரைக்க முடியாது. எது எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்வுக்கு முன்னால் ஓர் அடிப்படை. கோணத்தின் அளவு அதன் இரு கைகளின் நீளத்தைப் பொறுத்தது இல்லை. நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 3,474 கிலோமீட்டர், நம்மிடமிருந்து சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். விகிதம் ஏறக்குறைய 1:111. மொட்டைமாடித் தளத்துக்கு வழக்கமாக விடும் வாட்டம் அடிக்கு ஒரு நூல், அதாவது 1:96. காசிமேட்டில் கடலுக்கு மேலே எழும் முழு நிலா நம் கண்ணில் பிடிக்கும் கோணம், நம் மாடித் தளத்தின் சரிவைவிடக் கொஞ்சம் சின்னது! ஒன்று அரை டிகிரி, மற்றது 0.6 டிகிரி. ஒன்று லட்சக்கணக்கான கிலோமீட்டர் விவகாரம், மற்றது முப்பதடி விவகாரம். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிய பிறகுதான் எது பெரிது என்று கேட்கவே முடிகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, கையில் இருக்கும் கருவியால் அந்த அளவை நேரடியாக எடுக்க முடியுமா. டேப்பும் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபும் வைத்திருப்பவரிடம் டிகிரி சொல்வதில் பயனில்லை. பாகைமானி வைத்திருப்பவரிடம் விகிதம் சொன்னால் அவர் கால்குலேட்டரைத் தேட வேண்டும்.

இரண்டாவது, அளவில் வரும் சின்னப் பிழை கடைசியில் எவ்வளவு பெரிதாகத் தெரியும். 1 டிகிரி தப்பு ஓர் அடியில் 5.3 மில்லிமீட்டர். பத்தடியில் 53 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு அங்குலத்துக்கு மேல். கடலில் 30 கிலோமீட்டர் போனால் 524 மீட்டர். கோணம் மாறவே இல்லை, தூரம் கூடக்கூடப் பிழை மட்டும் விரிகிறது. எனவே "எத்தனை டிகிரி துல்லியம் வேண்டும்" என்ற கேள்விக்கு "எவ்வளவு தூரத்துக்கு" என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது, இரண்டு கோணங்களைக் கூட்டினால் எண்களும் கூடுகின்றனவா. நாலாவது, அடுத்தவர் காதில் அந்த எண் வேறு எதுவாகவாவது விழ வாய்ப்பு இருக்கிறதா. ஐந்தாவது, அதை வைத்து மேற்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறதா. இதில் நாலாவதைத்தான் நிறையப் பேர் அலட்சியம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் பெரிய நஷ்டம் அங்கேதான் வருகிறது.

ஒரே சரிவு ஒவ்வோர் அளவிலும் எப்படித் தெரிகிறது என்பதை இந்த அட்டவணையில் பாருங்கள்.

| எங்கே | விகிதம் | அடிக்கு நூல் | சதவீதம் | டிகிரி | ரேடியன் |
|---|---|---|---|---|---|
| சமதளத் தெருவில் வடிகால் | 1:1000 | 0.1 | 0.1 | 0.057 | 0.001 |
| மொட்டைமாடித் தளம் | 1:96 | 1 | 1.04 | 0.60 | 0.0104 |
| குளியலறைத் தளம் | 1:48 | 2 | 2.08 | 1.19 | 0.0208 |
| சக்கர நாற்காலிச் சாய்தளம் | 1:12 | 8 | 8.33 | 4.76 | 0.083 |
| சென்னையில் சோலார் பலகை | 1:4.33 | 22 | 23.1 | 13 | 0.227 |
| 6 அங்குல உயரம், 10 அங்குல அகலப் படி | 1:1.67 | 58 | 60 | 31 | 0.540 |
| சரிபாதிச் சாய்வு | 1:1 | 96 | 100 | 45 | 0.785 |
| சாய்த்து வைத்த ஏணி | 4:1 | 384 | 400 | 76 | 1.326 |

அட்டவணையின் மேல்பாதியில் எல்லாப் பத்திகளும் ஒரே வேகத்தில் ஏறுகின்றன. கீழே போகப் போக, சதவீதமும் நூலும் பாய்கின்றன, டிகிரி நிதானமாக நகர்கிறது. தேர்வின் சூட்சுமம் பாதி இதிலேயே இருக்கிறது.

## வாட்டம்: அடிக்கு இத்தனை நூல், 1-க்கு இத்தனை

மெல்லிய சரிவுகளுக்கு இதைவிடச் சிறந்த அளவு இல்லை என்பது என் உறுதியான கருத்து. காரணம், சொல்லும் விதத்திலேயே செய்யும் விதமும் இருக்கிறது. "அண்ணே, மாடிக்கு அடிக்கு ஒரு நூல் விட்டுடுங்க" என்றால், முப்பதடித் தளத்துக்கு முப்பது நூல், அதாவது மூணே முக்கால் அங்குலம் இறக்க வேண்டும் என்று மேஸ்திரி மனக்கணக்காகவே போட்டுவிடுவார். நூல் கட்டி, தண்ணீர் டியூபில் மட்டம் பார்த்து, கடைசியில் அந்த மூணே முக்கால் அங்குலத்தைச் சுவரில் குறித்தால் வேலை முடிந்தது. அதே ஆளிடம் 0.6 டிகிரி என்றால் அவரால் என்ன செய்ய முடியும்?

துல்லியத்திலும் இதுதான் ஜெயிக்கிறது. முப்பதடிக்குத் தண்ணீர் டியூப் வைத்துப் பார்ப்பவர் 2 மில்லிமீட்டர் வரை பிழை விட்டாலும் அது டிகிரியில் 0.0125 தான். போன் காட்டும் மிகச் சிறிய படி 0.1 டிகிரி. நூற்றுக்கணக்கான ரூபாய்கூடப் பெறாத ஒரு டியூப், இந்த வேலையில் விலை உயர்ந்த போனைவிட எட்டு மடங்கு நுட்பமாக இருக்கிறது. அளவை நீளத்துக்குப் பரப்பிவிட்டதால் வந்த பலன் இது.

வடசென்னையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் உண்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் எல்லாம் தாழ்வான, தட்டையான நிலம். தண்ணீர் போக இயற்கையாகக் கிடைக்கும் இறக்கம் மிகக் குறைவு. 300 அடித் தெருவில் 1:1000 வாட்டம் என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மூணரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். டிகிரியில் 0.057. போன் இதை 0.1 என்றும் காட்டலாம், பூஜ்யம் என்றும் காட்டலாம். வடிகால் நடுவில் இரண்டு அங்குலம் மேடு தட்டினாலே அந்த இடத்தில் தண்ணீர் தேங்கிவிடும். இந்த மாதிரி வேலையில் டிகிரியில் பேசுபவரை நம்பாதீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ கேளுங்கள்.

அடுத்து வாசல் சாய்தளம். சாலை மேல் சாலை போட்டுத் தெரு உயர, மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டு வாசலையும் உயர்த்திக் கட்டுவது நம் பக்கம் சகஜம். அப்புறம் வீட்டில் பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலிக்கு வரும்போதுதான் கஷ்டம் தெரிகிறது. பொதுக் கட்டடங்களில் பின்பற்றப்படும் 1:12 என்ற வரம்பை வைத்துப் பார்த்தால், 18 அங்குல உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். 12 அடிதான் இடம் இருக்கிறது என்றால் 1:8. டிகிரியில் ஒப்பிட்டால் 4.8-க்கும் 7.1-க்கும் என்ன பெரிய வித்தியாசம், ரெண்டரை டிகிரிகூட இல்லையே என்று தோன்றும். விகிதத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். 1:12-ல் ஏற்றுபவர் தள்ள வேண்டிய பாரம் ஏழரை கிலோவுக்குச் சமம். 1:8-ல் பதினோரு கிலோவுக்கு மேல். இடமே இல்லை என்று வாசலுக்கு முன்னால் நாலடியில் சிமெண்ட் பூசிச் சரித்துவிட்டால் முப்பது கிலோவைத் தாண்டும். ஒருவர் தனியாக அதில் நாற்காலியை ஏற்றுவது மிகக் கஷ்டம், இறக்கும்போது பிடிப்பதும் கஷ்டம். மெல்லிய சரிவில் விகிதத்தின் இரண்டாவது எண்ணால் எடையை வகுத்தாலே தள்ளும் பாரம் ஏறக்குறையக் கிடைத்துவிடுகிறது. டிகிரியில் இந்த வசதி இல்லை. இடம் போதாவிட்டால் சாய்தளத்தை நடுவில் ஒரு சமதள மேடை வைத்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சரிவை மட்டும் கூட்டாதீர்கள்.

ரயில்காரர்களும் இந்த அளவையே விரும்புகிறார்கள். 1856-ல் ராயபுரம் நிலையம் திறந்த காலத்திலிருந்து ரயில் பார்த்த ஊர் நம்முடையது. தண்டவாளம் பிரியும் இடத்தில் வரும் கிராசிங்கை 1-க்கு 12, 1-க்கு எட்டரை என்றுதான் அழைப்பார்கள். 1-க்கு 12 கிராசிங்கின் கோணம் 4 டிகிரி 45 நிமிடம் 49 விநாடி. வெயிலில் நின்று இதை அளந்து போடுவதைவிட, 12 அளவு போனால் 1 அளவு விலக வேண்டும் என்பது எவ்வளவு சுலபம்!

இதன் மறைமுகச் செலவுகளையும் சொல்ல வேண்டும். எது மேலே, எது கீழே என்ற குழப்பம் முதலாவது. ஏணிக்கு நாலுக்கு ஒன்று என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வைக்க வேண்டும், கோணம் 76 டிகிரி. அதையே சாய்தளத்தில் நாலுக்கு ஒன்று என்றால் 14 டிகிரி. இரண்டாவது, லேத் பட்டறையில் வரும் குழப்பம். டேப்பர் 1:20 என்றால் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறைகிறது. விட்டம் இரண்டு பக்கமும் குறைவதால், வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைப் பாதிக் கோணத்தில், 1.43 டிகிரியில் வைக்க வேண்டும். முழு 2.86 டிகிரியில் வைத்தால் டேப்பர் 1:10 ஆகிவிடும், பீஸ் குப்பைக்குப் போகும். திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கத்துப் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

## சதவீதம்

இது விகிதத்தின் தம்பி. 100 அளவுக்கு எத்தனை அளவு ஏறுகிறது என்பதுதான். மீட்டர் கணக்கில் வேலை செய்பவர்களுக்கு மிக வசதி. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்றால் 2 சதவீதம், வேறு கணக்கு வேண்டாம்.

இதன் ஆபத்து டிகிரியோடு கலந்துவிடுவது. 15 சதவீதம் என்றால் 8.5 டிகிரி. 15 டிகிரி என்றால் 26.8 சதவீதம். பேச்சில் வெறும் "பதினஞ்சு" என்று விட்டுவிட்டால் சரிவு கிட்டத்தட்ட 1.8 மடங்கு மாறிப்போகும். 100 சதவீதம் என்றால் செங்குத்து என்று நினைப்பவர்களும் உண்டு. அது வெறும் 45 டிகிரி. செங்குத்துச் சுவருக்குச் சதவீதமே கிடையாது, எண் முடிவில்லாமல் போய்விடும்.

கூட்டவும் முடியாது. 20 டிகிரி ஆப்பின் மேல் 25 டிகிரி ஆப்பு வைத்தால் 45 டிகிரி. சதவீதத்தில் 36.4-ஐயும் 46.6-ஐயும் கூட்டினால் 83 வருகிறது, உண்மையில் 100. விகிதத்துக்கும் இதே குறை உண்டு. சரிவு 10 டிகிரிக்கு மேல் போனால் இந்த இரண்டையும் கூட்டல் கழித்தலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

## டிகிரி

பெரிய கோணங்களுக்கு டிகிரிதான். கிரில் கதவுக்குப் பட்டையை 45 டிகிரியில் வெட்டுவது, சட்டத்தின் மூலையைச் சேர்ப்பது, ட்ரில் முனையைத் தீட்டுவது எல்லாம் டிகிரியில்தான் ஓடும். கூட்டினால் கூடும், பாதியாக்கினால் பாதியாகும். 360-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 24 இருக்கின்றன. அதனால்தான் 3, 4, 5, 6, 8, 9, 10, 12 என்று எத்தனை துண்டு போட்டாலும் முழு எண் வருகிறது. ஆறு ஓட்டை வட்டமாகத் துளைக்க 60 டிகிரி, எட்டுக்கு 45. இந்த வசதியை வேறு எந்த அளவும் தராது.

சோலார் பலகைக்கும் டிகிரி போதும். சென்னையின் அட்சரேகை 13 டிகிரி என்பதால், ஆண்டு முழுவதற்கும் பொதுவாகத் தெற்கு நோக்கி ஏறக்குறைய 13 டிகிரி சாய்ப்பது நல்ல தொடக்கம். 2 மீட்டர் பலகை என்றால் பின்பக்கத்தை 45 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இங்கே துல்லியத்துக்காக அலட்டிக்கொள்ள அவசியமே இல்லை. வெயில் நேராக விழும் நிலையிலிருந்து பலகை 5 டிகிரி விலகினாலும் அதன்மேல் விழும் வெளிச்சத்தில் அரை சதவீதம்கூடக் குறையாது. போன் ஆப் தாராளமாகப் போதும். குளியலறைக்கு லாயக்கில்லாத கருவி இங்கே முழுத் தகுதியோடு நிற்கிறது.

போனை எப்படிச் சோதிப்பது? ஓர் இடத்தில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும், சரியும் பக்கம் மட்டும் மாற வேண்டும். வேறுபட்டால் இரண்டின் சராசரிதான் உண்மையான சரிவு. கேமரா புடைத்துக்கொண்டிருக்கும் போன்களில் இந்தப் பிழை அரை டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ரசமட்டத்தையும் இதே மாதிரி திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மண்ணடி, செம்புதாஸ் தெருக் கடைகளில் வாங்கும்போது அங்கேயே மேசையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், கடைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

டிகிரியின் பெரிய மறைமுகச் செலவு, எங்கிருந்து அளந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது. பாரம் தூக்கும் வேலையில் இது உயிர் விஷயம். ஒரு டன் பாரத்தை இரண்டு ஸ்லிங்கில் (பாரத்தைக் கட்டித் தூக்கும் வடம்) கட்டித் தூக்குகிறார்கள். ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ இழுவை. செங்குத்திலிருந்து 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றிலும் முழு ஆயிரம் கிலோ. எண் ஒன்றுதான், இழுவை கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு. துறைமுகத்திலும் எண்ணூர், மணலி ஆலைகளிலும் இந்த வேலைக்குப் போகிறவர்கள், டிகிரி என்ற சொல் வரும்போதெல்லாம் "எதிலிருந்து?" என்று கேட்கக் கூச்சப்படவே கூடாது.

இன்னொரு டிகிரியும் இருக்கிறது. ரயில் பாதையில் 2 டிகிரி வளைவு என்பார்கள். அது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள கோணம் இல்லை. 30.5 மீட்டர் நாண் வட்ட மையத்தில் எத்தனை டிகிரி பிடிக்கிறது என்ற வளைவின் அளவு. 1750-ஐ டிகிரியால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் கிடைக்கும். 2 டிகிரிக்கு 875 மீட்டர். டிகிரி கூடினால் ஆரம் குறையும். பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் சாதாரண டிகிரியோடு இதைக் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

## டிகிரி, நிமிடம், விநாடி

ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி. இதைப் பழங்காலத்து வழக்கம் என்று ஒதுக்கக் கூடாது. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 27 நட்சத்திரத்துக்கு 360-ஐப் பங்கிட்டால் 13.333 என்று இழுத்துக்கொண்டே போகும். நிமிடத்தில் போட்டால் 13 டிகிரி 20 நிமிடம், அதாவது சரியாக 800 நிமிடம். ஒரு பாதத்துக்கு 200 நிமிடம். மீதி எதுவும் இல்லை.

கடலில் இதற்கு நிகரே கிடையாது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். கோணமே தூரமாகிவிடுகிறது. வடக்கே 10 நிமிடம் போனால் 10 கடல் மைல் போயாயிற்று. தீர்க்கரேகைக்கு இது அப்படியே பொருந்தாது. நம் அட்சரேகையில் ஒரு நிமிடத்துக்கு இரண்டரை சதவீதம் போலக் குறையும்.

படகில் ஏற்படும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவி மூன்று விதமாகக் காட்டும்: வெறும் டிகிரியில் தசமம், டிகிரியும் நிமிடத்தில் தசமமும், டிகிரி நிமிடம் விநாடி. காசிமேட்டை ஒட்டிய 13.126 டிகிரி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது 13 டிகிரி 7.56 நிமிடம். அதையே யாராவது 13 டிகிரி 12.6 நிமிடம் என்று வாசித்துவிட்டால் ஐந்து கடல் மைல், ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்விடும். காசிமேடு எண்ணூராகிவிடும்! வலை போட்ட இடத்தையோ ஆபத்தில் இருக்கும் படகின் இடத்தையோ வயர்லெஸ்ஸில் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் "பதிமூணு டிகிரி, ஏழு பாயிண்ட் அஞ்சு ஆறு நிமிடம்" என்று அலகோடு சொல்லுங்கள். ஒரே குழுவில் போகும் படகுகள் அனைத்தும் கருவியை ஒரே அமைப்பில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. கடலில் நிமிடத்தில் தசமம் காட்டும் அமைப்பைத்தான் நான் சொல்வேன், கடல் மைல் கணக்கு நேராக வரும்.

நில அளவையிலும் விநாடிதான். ஒரு கிலோமீட்டரில் ஒரு விநாடி என்பது 4.85 மில்லிமீட்டர். 1802-ல் வில்லியம் லாம்ப்டன் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவை இந்த அளவிலான நுட்பத்தைத் துரத்தித்தான் தெற்கிலிருந்து இமயம் வரை போனது.

## ரேடியன்

பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். 57.3 டிகிரி என்ற விநோதமான எண், கூடவே பை (π). ஆனால் ரேடியன் நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். வட்ட வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது ரேடியன். மெல்லிய சரிவில் வில்லும் நேர் உயரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அட்டவணையில் 1:48-க்கு எதிரே பாருங்கள்: 0.0208. 1-ஐ 48-ஆல் வகுத்தாலும் அதேதான். மேஸ்திரி அடிக்கு ரெண்டு நூல் என்று சொல்லும்போது அவர் ரேடியனில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். 10 டிகிரி வரை இந்த ஒற்றுமை ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் நிற்கும், 20 டிகிரியில் நாலு சதவீதமாகும், 45-ல் உடைந்துவிடும். அடிக்கு ஒரு நூல் என்றால் 0.6 டிகிரி என்ற கைக்கணக்கும் இதிலிருந்து வந்ததுதான், அதே எல்லை வரைதான் செல்லும்.

கணக்குப் போட வேண்டுமென்றால் ரேடியனுக்கு மாற்றில்லை. வில்லின் நீளம் வேண்டுமா, ஆரத்தால் பெருக்கினால் போதும். சுழலும் சக்கரத்தின் வேகம், அலை, வகைநுண்கணிதம் எல்லாவற்றிலும் டிகிரி வைத்தால் ஒவ்வொரு வரியிலும் 180-ம் பையும் ஒட்டிக்கொண்டு வரும். ரேடியனில் அவை மறைந்துவிடும். எக்செலிலும் பைத்தானிலும் சைன் கேட்டால் அவை உங்கள் எண்ணை ரேடியன் என்றே எடுத்துக்கொள்ளும். 30 டிகிரிக்கு 0.5 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 0.988 வந்தால் காரணம் இதுதான். கால்குலேட்டரில் 0.454 வந்தால் அது மூன்றாவது அமைப்பான கிரேடியனில் இருக்கிறது. செங்கோணத்தை 100 பங்காக்கும் அளவு அது. ஐரோப்பிய நில அளவையில் சில இடங்களில் புழங்குகிறது, நமக்கு இங்கே தேவைப்படாது. அந்த அமைப்பைப் பார்த்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

ரேடியனின் குறை, பட்டறையிலோ தளத்திலோ அதைக் காட்டும் கருவி கிடையாது. செங்கோணம்கூட 1.5708 என்று முடிவில்லாத எண்ணாகிவிடுகிறது. அதில் வெட்டச் சொல்லி யாருக்கும் படம் கொடுக்காதீர்கள்.

## யாருக்கு எது

வீடு கட்டும் கொருக்குப்பேட்டை வாசகருக்கு என் பதில்: மேஸ்திரியின் அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜினியரின் 1:50-ஐ அடிக்கு ரெண்டு நூல் என்று மாற்றிச் சொல்லிவிடுங்கள், ஆறடிக்கு ஒன்றரை அங்குலம். போனை ஒதுக்கி வையுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன், பூச்சு காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்போது தெரியும் குறையைச் சரிசெய்ய அரை நாள் போதும், டைல்ஸ் ஒட்டிய பிறகென்றால் உடைக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தக்காரர்கள் இருவர் வேறு வேறு அளவில் விலை கொடுத்தால், சரிவு 10 டிகிரிக்குள் என்றால் இரண்டையும் விகிதத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். அதற்கு மேல் என்றால் டிகிரிக்கு மாற்றுங்கள். மாற்றும்போது போனிலுள்ள கால்குலேட்டரில் டேன் பொத்தானின் தலைகீழைப் (tan⁻¹) பயன்படுத்தலாம், ஆனால் அது டிகிரி அமைப்பில் இருக்கிறதா என்று 1-ஐப் போட்டுப் பாருங்கள். 45 வர வேண்டும்.

பட்டறையில் இருப்பவர்களுக்கு வெட்டுக்கும் வளைவுக்கும் டிகிரி, டேப்பருக்கு விகிதம். பாரம் தூக்குகிறவர்கள் படத்திலும் பேச்சிலும் "கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி" என்று முழுதாக எழுதுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். படகுக்காரர்களுக்கு நிமிடத்தில் தசமம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து யோசிக்க டிகிரி, சூத்திரத்தில் போட ரேடியன். 30, 45, 60, 90 ஆகிய நாலு டிகிரிகளும் முறையே π/6, π/4, π/3, π/2 என்று மனதில் இருந்தால் பரீட்சைக்குப் பெரும்பாலும் போதும். பாலிடெக்னிக் போனதும் சர்வே வகுப்பில் விநாடி வரும், ஒர்க்‌ஷாப்பில் டேப்பர் வரும், கணினி வகுப்பில் ரேடியன் வரும், மூன்றும் ஒரே வாரத்தில்கூட வரலாம். நோட்டின் முதல் பக்கத்தில் மேலே கொடுத்த அட்டவணையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.